வினைத்தொகையும் மோர்மிளகாயும்

வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டு ஒன்று தருக என்றால், தமிழ் படித்த எந்த மாணவரும் தயங்காமல் சொல்லும் சொல் 'ஊறுகாய்'. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று முக்காலத்துக்கும் விரித்துக்காட்டி மதிப்பெண்ணும் பெற்றுவிடுவார். அதே மாணவரிடம், ஒரு கிலோ மிளகாயை ஊறப்போட எவ்வளவு உப்பு வேண்டும், எத்தனை நாள் ஊற வேண்டும், ஊறுதல் என்றால் காய்க்குள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு சிரிக்கும். பிறகு, "அம்மாவைத்தான் கேட்கணும் ஐயா" என்று ஒரு குரல் எழும். அம்மாவைக் கேட்டால், "அதெல்லாம் கைப்பக்குவம்" என்று விடை வரும். உரையாடல் அவ்வளவில் முடிந்துபோகும்.

இந்தக் 'கைப்பக்குவம்' என்ற சொல்லின்மேல் நமக்கு நெடுநாளாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு. கேட்பதற்குப் புகழுரைபோல இருக்கிறது. ஆனால் புகழப்படுவது கை மட்டுமே. கையை ஏவிய அறிவுக்கு அதில் இடமே இல்லை. ஊறுகாய் ஜாடியையும் வெள்ளைத்துணி வேடு கட்டிய வாயையும் பாட்டியின் சுருங்கிய விரல்களையும் பற்றி உருகி உருகி எழுதப்பட்ட நினைவுக் கட்டுரைகள் தமிழில் ஏராளம். அவற்றுள் எத்தனையில் உப்பின் அளவு இருக்கிறது? நாம் படித்த வரையில், ஏறத்தாழ ஒன்றிலும் இல்லை. மணம் வருகிறது, கண்ணீர் வருகிறது, அளவு மட்டும் வருவதில்லை. இவ்வழக்கத்தை மறுத்துச் சில சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நமக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறோம்: கொல்லையில் காய்த்துக் குவியும் மிளகாயை வீட்டிலேயே கெடாமல் வைத்துக்கொள்ளுதல்.

எங்கள் வீட்டுப் பின்புறம் பத்துப் பன்னிரண்டு மிளகாய்ச் செடிகள் நிற்கின்றன. செடி வைத்தவர்களுக்குத் தெரியும்: மிளகாய்ச்செடி ஒன்று காய்க்காமல் ஏமாற்றும்; அல்லது தின்று தீராத அளவுக்குக் காய்த்துத் தள்ளும். மாசி பிறந்துவிட்டால் எங்களுக்கு வாரந்தோறும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் பறிக்க நேர்கிறது. நால்வர் உள்ள குடும்பத்துக்கு வாரம் கால் கிலோ பச்சைமிளகாய் தாராளம். அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்றால், அவர்கள் வீட்டுச் செடியும் அதே வாரத்தில்தான் காய்க்கிறது. ஆகவே பச்சையாய்ப் பறித்தவற்றை மோர்மிளகாய் போடுகிறோம், செடியிலேயே பழுத்தவற்றை வற்றலாக்குகிறோம், கொஞ்சம் ஊறுகாயாகிறது, எஞ்சியதைக் காம்பு கிள்ளி, கழுவித் துடைத்து, உறைபெட்டியில் போட்டுவிடுகிறோம். கடைசிச் செயலில் சொல்வதற்கு அதிகம் இல்லை. உறைந்த மிளகாய் இளகியதும் துவண்டுபோகும். தாளிக்கவும் அரைக்கவும் குறைவில்லை.

மோர்மிளகாய்க்குப் போகுமுன் ஒரு சிறு சுற்று. 'தொன்றுதொட்டு நம் முன்னோர்' என்று இப்பொருளில் பேச்சைத் தொடங்குவோர் பலர். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியக் கப்பல்கள் 1498-இல் கோழிக்கோட்டுக் கரையைத் தொட்டதற்குப் பின்னரே அது நம் நாட்டுக்கு வந்தது. சங்கத்தார் அறிந்த காரம் மிளகின் காரம். அவர்கள் அதைக் 'கறி' என்றார்கள். யவனர் பொன்னோடு வந்து கறியோடு மீண்ட முசிறியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் காணலாம். புதிதாக வந்த காயைப் பார்த்தவர்கள், மிளகைப்போல் உறைக்கும் காய் என்று கருதி மிளகு + காய் எனப் பெயரிட்டனர். கன்னடத்தாரும் இதையே செய்தனர். அங்கும் மெணசு மிளகு, மெணசினகாயி மிளகாய். மலையாளத்தில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே மிளகாய் 'முளகு' என்ற பெயரையே பறித்துக்கொண்டது. பழைய உரிமையாளரான மிளகு, 'குருமுளகு' என்றும் 'நல்லமுளகு' என்றும் அடைமொழி பூண்டு நிற்க நேர்ந்தது. வந்தேறி வீட்டுக்காரனாகிவிட்ட கதை!

ஆக, நம் மோர்மிளகாய்க்கு எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் ஐந்நூறு ஆண்டு வயதுதான். ஆனால் ஊறப்போடும் நுட்பம் அதனினும் மிகப் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் இல்லத்து விருந்தைச் சொல்லும் பகுதியில் மாவடு ஊறல் வருகிறது; அதே இடத்தில் பசுவின் மோரில் எடுத்த வெண்ணெயும், மிளகும் கறிவேப்பிலையும் கலந்த மாதுளங்காயும் வருகின்றன. உப்பு, புளிப்பு, வெயில் ஆகிய மூன்றையும் கொண்டு காயைக் காக்கும் அறிவு இங்கே முன்பே இருந்தது. பெயர் தெரியாத யாரோ ஒருத்தி, முன்பின் பழகாத ஒரு வெளிநாட்டுக் காயின்மேல் அந்தப் பழைய அறிவைப் பொருத்திப் பார்த்திருக்கிறாள். ஊசியால் குத்தாவிட்டால் உப்பு இறங்காது என்பதை அவள் எத்தனை பானை மிளகாயை வீணாக்கிக் கண்டறிந்தாளோ! மரபு என்று நாம் இன்று வணங்குவது, அன்று துணிச்சலான ஒரு சோதனை. சோதனை என்றால் அதற்கு அளவும் காரணமும் இருந்தே தீரும். அவற்றை எழுதி வைக்காமல் போனதுதான் குறை.

இனி அளவுக்கு வருவோம். ஒரு கிலோ பச்சைமிளகாய். முற்றியும் பழுக்காமலும் இருத்தல் வேண்டும். காரம் குறைந்த, சதைப்பற்றுள்ள குண்டுக்காய் உத்தமம். காம்பைக் களையக் கூடாது. களைந்தால் அந்த வழியே நீர் புகுந்து காய் அழுகும். பொரிக்கும்போது பிடிக்கவும் காம்பு வேண்டும். கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு காயையும் காம்பின் அருகே ஊசியால் இரண்டு இடங்களில் குத்தவேண்டும். அல்லது நுனியில் சிறு கீறல். மிளகாயின் தோலில் மெழுகுப் பூச்சு உண்டு. அதைத் தாண்டி உப்புநீர் உட்புக வழி வேண்டுமல்லவா? அதற்காகவே இது. நன்கு புளித்த கெட்டி மோர் ஒரு லிட்டர், கல்லுப்பு 120 கிராம். காய், மோர் இரண்டையும் சேர்த்த எடையில் உப்பு ஏறத்தாழ ஆறு விழுக்காடு. மண் சட்டியோ பீங்கான் ஜாடியோ நல்லது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, புளிப்பு அதை அரிக்கும்.

மூன்று நாள் ஊறல். நாளுக்கு ஒருமுறை குலுக்கவோ உலர்ந்த கரண்டியால் கிளறவோ வேண்டும். நான்காம் நாள் காலை காய்களை மட்டும் எடுத்துப் பாயில் பரப்பி வெயிலில் காயவிட்டு, மாலையில் அதே மோரில் திரும்பப் போடவேண்டும். மறுநாளும் அப்படியே. மோர் வற்றித் தீரும்வரை, நல்ல பங்குனி வெயிலில் மூன்று அல்லது நான்கு நாள், இந்தப் போக்குவரத்து நடக்கும். அதன்பின் மோருக்குத் திரும்பாமல், ஒடித்தால் 'படக்'கென ஒடியும்வரை காய்ச்சல்.

இந்தப் பகல்-இரவு போக்குவரத்துக்குக் காரணம் என்ன? சடங்கு என்று நினைப்போர் உண்டு. பகல் வெயில் காயிலிருந்து நீரை வெளியேற்றுகிறது. நீர் போன இடத்தை இரவில் உப்பும் புளிப்பும் நிரப்புகின்றன. ஒரே மூச்சில் காயவைத்தால் உப்பு தோலோடு நின்றுவிடும், உள்ளே சப்பென்றிருக்கும். ஒரே மூச்சில் ஊறவைத்தாலோ காய் கொழகொழத்துப்போகும். இரண்டையும் மாறிமாறிச் செய்வதால் காயின் உட்புறம் நாளுக்கு நாள் உப்பிலும் புளிப்பிலும் செறிந்து, கெடுக்கும் நுண்ணுயிர்கள் வாழ இயலாத இடமாகிறது. மோரின் புளிப்பைத் தரும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் இந்த அளவு உப்பைப் பொறுத்துக்கொள்வன. அவையே தொடக்கத்தில் காவலும் இருக்கின்றன. உப்பைப் பாதியாகக் குறைத்து, 'உடம்புக்கு நல்லது' என்று சொல்லி, மேகமூட்ட நாளில் போட்டால் அந்தக் காவல் தளர்ந்துவிடும். உப்பு வேண்டாதவர் மோர்மிளகாயைக் குறைவாகத் தின்னலாம். குறைவான உப்பில் போடலாகாது.

இதனைக் கேரளத்தார் 'கொண்டாட்டம்' என்று அழைப்பது நமக்கு மிகவும் பிடித்த பெயர்.

பழுத்த மிளகாயின் வழி வேறு. திருநெல்வேலிப் பக்கம் வத்தல், கொங்கில் வரமிளகாய், யாழ்ப்பாணத்தில் செத்தல் மிளகாய். 'வற்றல்' என்ற சொல்லை வள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தில் வன்னிலத்து மரத்துக்கு ஆண்டிருக்கிறார்; அங்கே அது துளிர்க்க வழியற்ற வறட்சி. அடுக்களைக்கு வந்தபின் அதே சொல் ஓராண்டுக்கான செல்வமாகிவிட்டது. இராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றபோது பலரும் மகிழ்ந்தோம். அந்த உருண்டைக் காயின் பெருமையில் பாதி அந்த மண்ணுக்கும், பாதி அங்கே கொளுத்தும் வெயிலுக்கும் உரியது.

வீட்டில் வற்றல் போடுவோர் கவனிக்க வேண்டியவை சில. முழுக்கச் சிவந்த காயை மட்டும் பறிக்கவேண்டும். பாதிச் சிவப்பில் பறித்தவை வெளுத்துக் கறைபடும். பறித்தவற்றை ஓரிரு நாள் நிழலில் குவித்து வைத்தால் நிறம் ஒரு சீராகும். பிறகு வெயில். அந்தி சாய்ந்ததும் அள்ளி மூடிவிட வேண்டும், பனி பட்டால் அவ்வளவுதான். எப்போது காய்ந்தது என்று அறிய, குலுக்கினால் விதை கலகலக்கவேண்டும் என்பார்கள். நல்ல சோதனைதான். அதனோடு தராசையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது நம் பரிந்துரை. ஒரு கிலோ பழம் காய்ந்து முந்நூறு கிராமை ஒட்டி நின்று, அடுத்த நாள் வெயிலுக்குப் பிறகும் எடை இறங்காவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். வற்றலில் எஞ்சும் ஈரம் நூற்றுக்குப் பத்து, பதினொன்றைத் தாண்டலாகாது. தாண்டினால் டப்பாவுக்குள் பூசணம் பூக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூசணத்தில் ஒருவகை, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்குவது, புற்றுநோய்க்கும் காரணமாவது. பூசணத்தைத் துடைத்துவிட்டு எண்ணெயில் பொரித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வீடுகளில் உண்டு. அடுப்புச் சூட்டில் அந்நஞ்சு முற்றாக அழிவதில்லை. பூத்ததைக் குப்பையில் கொட்டுவது ஒன்றே வழி.

ஊறுகாயைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லி நகர்கிறோம். 'எண்ணெய் மிதக்க நின்றால் கெடாது' என்ற வாக்கியம் நம் வீடுகளில் வேதவாக்காக வழங்குகிறது. எண்ணெய் தன்னளவில் எதையும் கெடாமல் காப்பதில்லை. காற்றை மட்டுமே தடுக்கிறது. பூசணத்துக்குக் காற்று வேண்டும், ஆதலால் அது அடங்கும். காற்றில்லா இடத்தையே விரும்பும் வேறொரு நுண்ணுயிர் உண்டு, கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்பது அதன் பெயர். அது உண்டாக்கும் நஞ்சு உயிரையே குடிக்கும். அதை அடக்குவது உப்பும் புளிப்பும்தான். பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருக்குமாறு எலுமிச்சைச் சாறோ புளியோ வினிகரோ சேர்ந்திருக்க வேண்டும். பச்சைமிளகாயில் இயற்கையாக அவ்வளவு புளிப்பு கிடையாது. நம் பழைய முறையில் மிளகாய் ஊறுகாய்க்கு எலுமிச்சையும், ஆந்திரத்தில் பழமிளகாய்ப் பச்சடிக்குப் புளியும் கைநிறைய உப்பும் சேர்ப்பது நாவுக்காக மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். பூண்டையும் மிளகாயையும் வெறும் எண்ணெயில் போட்டு அலமாரியில் அழகுக்கு வைக்கும் இக்காலப் புதுவழக்கம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அச்செயலின் காரணம் தெரியாமல் வடிவத்தை மட்டும் நகலெடுத்தால் வருகிற விளைவு அது.

இந்த இடத்தில்தான் நம் வழக்கு வலுப்பெறுகிறது என்று கருதுகிறோம். காரணம் தெரிந்தவர்க்கு மாற்றத் தெரியும். மொட்டைமாடி இல்லாத அடுக்ககத்தில், வடகிழக்குப் பருவமழை ஓயாத கார்த்திகையில், மிளகாய் காய்த்துவிட்டால் என்ன செய்வது? 'கைப்பக்குவம்' இதற்கு விடை சொல்லாது. அது பங்குனி வெயிலில் பழகிய கை. நீரை வெளியேற்றுவதுதான் வேலை என்று அறிந்தவரோ, காயை நெடுக்கில் பிளந்து, குறைந்த சூட்டில் அடுப்புப் பெட்டியிலோ மின்விசிறிக் காற்றிலோ உலர்த்துவார்; அதுவும் இயலாவிட்டால் உப்பும் புளியும் சேர்த்து அரைத்து வைப்பார். மெக்சிகோவில் எளிதில் காயாத சதைப்பற்றுள்ள ஹாலப்பீன்யோ மிளகாயைப் புகையில் வாட்டிச் 'சிபோட்லே' ஆக்கியதும் இதே அறிவின் வேலைதான்.

அளவு எழுதினால் சுவை போய்விடும் என்று நண்பர் ஒருவர் வாதிடுவார். அவர் மரபுக் கவிதை எழுதுபவர் என்பதுதான் வேடிக்கை. சீரும் தளையும் எண்ணி எழுதுவதால் வெண்பாவின் உயிர் போய்விட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இன்னொன்றும் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் அளித்த விருந்தைப் புகழும்போது, அது வீமன் இயற்றிய சமையல் நூலின் நெறி வழுவாமல் ஆக்கப்பட்டது என்றே புகழ்கிறது. கவனியுங்கள்: நூலை மீறியதற்காகப் புகழவில்லை, நூலின்படி நின்றதற்காகப் புகழ்கிறது. அடுதல் என்பது நூலுக்குரிய அறிவு என்ற எண்ணம் அக்காலப் புலவனுக்கு இயல்பாகவே இருந்திருக்கிறது. அரண்மனை மடைத்தொழிலுக்குக் கிடைத்த அந்த மதிப்பு, வீட்டு அடுக்களைக்கு ஏன் கிடைக்கவில்லை? 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' நூலை அளவோடும் முறையோடும் எழுதி வெளியிட்டு, அது இன்றுவரை வாசிக்கப்படுகிறது. ஆயினும் தமிழ் உரைநடையின் வளர்ச்சியைப் பேசும் நம் பாடத்திட்டங்களில் அந்நூலின் பெயரை நாம் கண்டதில்லை. இவ்வளவு தெளிவான செயல்முறைத் தமிழை எழுதியவர் வேறு எந்தத் துறையிலாவது இருந்திருந்தால் ஆய்வேடுகள் குவிந்திருக்கும்.

விடை அனைவருக்கும் தெரிந்ததே. வீட்டு அடுக்களையில் நிற்பவர் பெண். கைப்பக்குவம் என்று பாராட்டிவிட்டால் அவ்வேலை என்றைக்கும் அவள் கையோடே இருந்துவிடும். "உன் கை பட்டாத்தாம்மா ருசி" என்ற ஒரு வாக்கியத்தில் வீட்டிலுள்ள மற்றவர் அனைவரும் விடுதலை பெற்றுவிடலாம். வெயிலில் மாடி ஏறி இறங்குவதும், ஒரு கிலோ மிளகாயை ஒவ்வொன்றாகக் குத்துவதும், இரவு முழுக்க எரியும் விரல்களும் அந்தப் பாராட்டுக்குள் மறைந்துபோகின்றன. அளவும் காரணமும் எழுதப்பட்டால் அவ்வேலையை யாரும் செய்யலாம், ஆணும் செய்யலாம். எங்கள் வீட்டில் இப்போது காய் குத்துவது ஆண்களின் பங்கு. விரல் எரிச்சலுக்குத் தண்ணீர் பயன்படாது என்பதையும் அப்போதுதான் பலர் அறிகிறார்கள். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நீரில் கரையாதது, எண்ணெயில் கரைவது. வேலைக்கு முன்பே கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வதும், முடிந்ததும் மறுபடி எண்ணெய் தேய்த்துச் சோப்பால் கழுவுவதும் உதவும். மோர் குடித்தால் நாவின் காரம் அடங்குவதும் அதிலுள்ள பால்புரதம் காரத்தைப் பற்றிக்கொள்வதால்தான்.

கடையில் வாங்கிக்கொள்பவர்களைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. நேரம் இல்லாதவர் வாங்கத்தான் வேண்டும். அதில் பண்பாட்டு வீழ்ச்சி ஏதும் நிகழ்ந்துவிடுவதில்லை. செய்பவர் இல்லாமல் போவதைவிட, செய்யத் தெரிந்தவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளாமல் போவதே நமக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

பரமக்குடிப் பக்கத்து அத்தை ஒருவர் பங்குனியில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குவார். மேலே சொன்ன அளவுகள் அவருடையவை. அவற்றைப் பெற்ற விதம் எளியது. "எவ்வளவு உப்பு அத்தை?" என்றால் "கண்ணளவுதான்ப்பா, மூணு கை" என்பார். அந்தக் கையைத் தராசில் கொட்டச் சொன்னோம். முதல் கை நாற்பது கிராம். இரண்டாவதும் மூன்றாவதும் அதை ஒட்டியே நின்றன. 120 கிராம் என்று நாம் எழுதிய எண் அங்கிருந்து வந்தது. மறு ஆண்டு சொல்லாமல் கொள்ளாமல் மீண்டும் எடை பார்த்தோம், அதே எண். 'கண்ணளவு' என்று அவர் பணிவாகச் சொன்னது நாற்பதாண்டுப் பழக்கத்தில் துல்லியப்பட்ட ஓர் அளவை என்பதைத் தராசு காட்டிக்கொடுத்தது.

ஒரு வரி மட்டும் எங்கள் நோட்டுப் புத்தகத்தில் இன்னும் நிரம்பவில்லை. மூன்றாம் நாள் மாலை அத்தை ஜாடியின் துணியை விலக்கி, மோரை முகர்ந்து, சில ஆண்டுகளில் "நாளைக்கு எடுத்திரலாம்" என்பார். சில ஆண்டுகளில் "இன்னும் ஒரு ராத்திரி கிடக்கட்டும்" என்பார். எதை வைத்து அவ்வாறு முடிவு செய்கிறார் என்பது அவருக்கே சொல்லத் தெரியவில்லை. புளிப்பின் அளவாகத்தான் இருக்க வேண்டும் என்பது நம் ஊகம். வேதியியல் துறை நண்பரிடம் பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறோம்; வரும் பங்குனியில் அவர் முகரும் ஒவ்வொரு முறையும் தாளையும் நனைத்து, நிறத்தை எழுதி வைப்பதாகத் திட்டம். அத்தையிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "தாளை விடுறதுக்கு முன்னாடி ஈரக்கையோட ஜாடியத் தொட்டுராதீங்க" என்றார்.